கறை வைக்கிறவள்

மாசிலன் வாயைத் திறந்தால் போதும், ஆவுடைக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் அவன் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவள் எழுதிக் கொடுத்ததுதான். மாலைத் தொடரின் வில்லன் அவன். அவனை எழுதுகிறவள் அவள். வில்லன் வில்லனாகப் பேசினால் அவளுக்கு என்ன பயம்? அந்தப் பாவி நியாயமாகப் பேசித் தொலைப்பான், அதுதான் வம்பு.

அன்றைக்கும் அப்படித்தான். உத்தண்டி ஸ்டுடியோவின் நேரலை அறையில், சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரையில், மாசிலன் கடலைக் காட்டித் தன் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"பட்டணத்தச் சுத்தி சுவரு கட்டிட்டானுங்க. சந்தோசம். சுவத்துல முட்டுன அலை எங்கடா போவும்? ஆவியாயிடுமா? அவன் வூட்டுக்கு வர வேண்டிய தண்ணியும் சேந்து நம்ம வூட்டுக்கு வருது. கட்டுனா எல்லாரையும் உள்ள வெச்சுக் கட்டு. இல்லியா, எவனுக்கும் சுவரு வாணாம். ஒடைச்சிடுவோம்."

திரைக்குப் பக்கத்தில் ஒரு முள் மெல்ல ஏறத் தொடங்கியது.

"அது என்ன முள்ளு?" என்று கேட்டார் விருந்தாளியாக வந்திருந்த அம்மாள். கடற்சுவர் வாரியத்தில் பெரிய பதவியில் இருப்பவர். தொடர் எப்படித் தயாராகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பரிவுமானி, மேடம்," என்றார் பரணிதரன். தொடர் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. "நாம டிவியைப் பாக்கறப்ப டிவியும் நம்மளைப் பாக்குதில்லையா? கண்ணு விரியுதா, தொண்டை அடைக்குதா, மூச்சு நிக்குதான்னு எடுத்து, ஊர்ல எத்தனை பேர் இந்த ஆளுக்காக உருகறாங்கன்னு சொல்லிடும். ஹீரோவுக்கு எவ்வளவு ஏறினாலும் கேள்வி இல்ல. வில்லனுக்கு அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, ஒளிபரப்புச் சட்டம். தாண்டினா லைசன்ஸ் காலி."

"ஏறிக்கிட்டே இருக்கே?"

"தாண்ட விடுவோமா? கறை வெச்சிடுவோம். ஆவுடை மேடம், கறை!"

ஆவுடை ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தாள். அவள் எழுதி அனுப்பினால் விளம்பரம் முடிவதற்குள் எந்திரம் அதைக் காட்சியாக்கிவிடும். நடிகர்களெல்லாம் தங்கள் முகத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, சொந்த ஊரில் தென்னந்தோப்பு வாங்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற கறை எழுத்தாளர்கள் அவசரத்தில் வில்லனைக் கொண்டு ஒரு நாயை உதைக்க வைப்பார்கள், ஒரு பெண்ணை அறைய வைப்பார்கள். ஆவுடையின் கைவேலை வேறு. கறையை அவள் காட்ட மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாயால் சொல்ல வைப்பாள். கண்ணால் பார்த்ததை ஜனங்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை மறக்கவே மாட்டார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு.

அவள் எழுதியது இது:

"சாரத்த மடிச்சுக் கட்டிக்கினு வந்தான். பெத்தவ கஞ்சிச் சட்டிய நீட்னா. ஒரே எத்து. கொதிக்கிற கஞ்சி அவ மாருல கொட்டிச்சு. துடிக்கறா, இவன் திரும்பிக்கூடப் பாக்கல. வெளிய போயி பீடி பத்த வெச்சான்."

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த பரணிதரன் சிரித்துவிட்டார். "மறுபடியும் சாரமா? உங்க திருநெல்வேலியை எப்பதான் மேடம் இறக்கி வைக்கப் போறீங்க? இது வடசென்னைப் பக்கம். கைலின்னு போடுங்க."

ஆவுடைக்கு வெட்கமாகப் போயிற்று. பிறந்ததிலிருந்து வீட்டில் ஆம்பளைகள் கட்டியது சாரம்தான். சென்னைக்கு வந்து இத்தனை வருஷம் கழித்தும், அவசரத்தில் விரல் அதைத்தான் எழுதுகிறது. கைலி என்று திருத்தி அனுப்பினாள். திருத்தியது ஒளிபரப்புக்குப் போயிற்று. முதலில் எழுதியது, எப்போதும் போல, எந்திரம் பாடம் படிக்கிற களஞ்சியத்துக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. அதை யாரும் திருத்துவதில்லை.

விளம்பரம் முடிந்தது. திரையில் ஒரு மீன்காரம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கஞ்சிச் சட்டிக் கதையைச் சொன்னாள். முள் தொபுக்கென்று விழுந்தது.

விருந்தாளி அம்மாள் முள்ளிலிருந்து பரணிதரன் பக்கம் திரும்பினார். "ஆனா சுவரைப் பத்தி அந்த ஆள் சொன்னது அப்படியேதானே நிக்குது? கஞ்சிச் சட்டிக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் கிடையாது மேடம்," என்றார் பரணிதரன். "அதுதான் இதுல அழகே."

---

ஆவுடையும் அவள் தம்பி சுடலைமுத்துவும் மேடவாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தார்கள். அப்பா அம்மா போன பிறகு இவளுக்கு அவன், அவனுக்கு இவள். வாசல் கதவின் கீல் தொங்கிப்போயிருந்ததால், சாத்தும்போது கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும். அந்தச் சூட்சுமம் இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். சுடலைக்குக் கடற்சுவரின் வடக்குப் பம்பு ஹவுஸில் வேலை. உள்ளே கசிகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற மோட்டார்களைப் பார்த்துக்கொள்வான். அக்கா தொடர் எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். கதாநாயகிக்கு வசனம் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கறை எழுதுகிறவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம்.

மறுநாள் காலையில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவன் பொரிந்து தள்ளினான்.

"எக்கா, நேத்து பாத்தியா? எம்புட்டு அழகா பேசிக்கிட்டிருந்தான் அந்த மாசிலன்! சுவத்துல முட்டுன தண்ணி வடக்கதான் போவும், நான் தெனம் நின்னு பாக்கேன்லா. சரியாச் சொல்லுதானேன்னு நெனைக்கேன், திடீர்னு பெத்தவ மேல கஞ்சியக் கொட்டிட்டான். எந்தக் களவாணிப் பய எழுதுதானோ, வெளங்குவானா அவன்?"

"அவன் சுவரப் பத்திச் சொன்னது சரின்னா சரிதானலே," என்றாள் ஆவுடை, தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே.

"சொன்னது சரிதாம்க்கா. ஆனா பெத்தவள எத்துனவன் சொன்னா எப்படிச் சரியாவும்?"

அவள் அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். உள்ளுக்குள் அரித்தது. மாசிலனின் கொள்கை அவளுடையதல்ல. ஒரு வருஷத்துக்கு முன்னால் பரணிதரன் கொடுத்த குறிப்பில் இருந்தது. "இதை நம்பற ஒரு ஆள், நல்லாப் பேசணும், மக்கள் கிட்டத்தட்ட நம்பிடணும்," என்றார். எழுத எழுத முதலில் நம்பியவள் ஆவுடைதான். ராத்திரி எழுதிய கறை காலையில் தோசை வார்க்கும்போது தன் கையிலேயே ஒட்டியிருப்பதாகத் தோன்றும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அப்படித்தான் தோன்றும்.

---

இது நடந்து கொஞ்ச நாளில் சுவர்ப் பேச்சு கதையிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. வாரியம் சுவரின் வடக்கு முனையை மூடப் போகிறது. பனங்குப்பம் என்கிற மீனவர் குடியிருப்பை உள்ளே சேர்த்து வளைத்துக் கட்டுவதா, வெளியே விட்டு நேராக மூடுவதா? ஞாயிற்றுக்கிழமை நகரத்து ஜனங்கள் அத்தனை பேரும் கைபேசியில் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். வெளியே விட்டால் அடுத்த மழைக்காலத்தில் பனங்குப்பம் கடலுக்குள் போய்விடும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்போதுதான் செய்திகளில் தேசப்பன் வந்தான். பனங்குப்பத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சுவத்துல முட்டுன அலை எங்க சார் போவும்? சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்," என்றான்.

ஆவுடை டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். மாசிலன் அப்படியே திரையை விட்டு இறங்கி வந்து நின்ற மாதிரி இருந்தது. ஒரு வித்தியாசம், தேசப்பன் எதையும் உடைக்கிறேன் என்று சொல்லவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் கேட்டான். ஊரே அவன் பக்கம் சாய்ந்தது. டீக்கடை, மெட்ரோ, பள்ளிக்கூட வாசல், எங்கே பார்த்தாலும் அவன் பேச்சுத்தான். சுடலை பம்பு ஹவுஸில் அவன் படத்தை ஒட்டி வைத்திருந்தான்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வந்த சுடலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கைபேசியை நீட்டினான். "எக்கா, இத கேளு. எல்லாரும் மாத்தி மாத்தி அனுப்புதாங்க. நானும் பம்பு ஹவுஸ் குரூப்புல அம்புட்டு பேருக்கும் அனுப்பிட்டேன்."

ஒரு பெண்குரல். பனங்குப்பத்தில் தேசப்பனின் பக்கத்து வீடு என்று சொல்லிக்கொண்டது. "நல்லவன் மாதிரி பேசறானே, அன்னிக்கு இன்னா செஞ்சான் தெரியுமா? சாரத்த மடிச்சுக் கட்டிக்கினு வந்தான். பெத்தவ கஞ்சிச் சட்டிய நீட்னா. ஒரே எத்து..."

மிச்சத்தை ஆவுடை கேட்கத் தேவையில்லை. மனப்பாடமாகத் தெரியும். பீடி வரைக்கும் தெரியும்.

"இவனும் அந்த மாசிலன மாதிரி ஆளுதான் போல," என்றான் சுடலை. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னான். "ஆனா ஒண்ணு, அந்தப் பொம்பளை நம்ம பக்கத்துக்காரியா இருப்பா. சாரம்ங்கா பாரு."

டிவியைப் பார்த்துக் காப்பியடித்து யாரோ செய்த வேலையாக இருந்தால் கைலி என்றுதான் வந்திருக்கும். சாரம் என்று அவள் எழுதியது ஒரே இடத்தில்தான் இருந்தது, ஸ்டுடியோக் களஞ்சியத்துக்குள்.

---

"ஆமா, வாரியத்துக்கு நாமதான் கொடுத்தோம்," என்றார் பரணிதரன், ஸ்டுடியோவுக்கு ஓடி வந்து கேட்டவளிடம். மறைக்கவே இல்லை. தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை மூடியில் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடாம வந்திருப்பீங்க. சாப்பிட்டுக்கிட்டே திட்டுங்க."

"அப்ப மாசிலன்?"

"ஒத்திகை. இப்படி ஒரு நம்பிக்கையோட ஒருத்தர் வருவார்னு வாரியத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். எந்தக் கறை அந்த நம்பிக்கையைக் கீழ இறக்கும்னு பாத்து வெச்சுக்கிட்டோம். நாய், பொண்டாட்டி, திருட்டு எல்லாம் போட்டுப் பாத்தோம். உங்க கஞ்சிச் சட்டிதான் ஜெயிச்சுது."

"பாவி! அந்த ஆள் சொல்றது பொய்யா சார்?"

"பொய்னு நான் எப்ப சொன்னேன்? நூத்துக்கு நூறு சரி." பரணிதரனின் குரல் தாழ்ந்தது. "போன புயல்ல எங்கம்மா கழுத்தளவு தண்ணியில, ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, மேடம். விடியறப்ப கை விட்டுப்போச்சு. சுவர் ஏன் அதுக்குள்ள முடியல தெரியுமா? தெக்கு முனையில ஒருத்தர் நல்லாப் பேசினார். ஜனங்க உருகினாங்க. வளைச்சுக் கட்டினோம். நடுவுல இன்னொருத்தர். மறுபடியும் உருகினாங்க. மறுபடியும் வளைச்சோம். மழை காத்துக்கிட்டு நிக்குமா? இந்தத் தடவையும் வளைச்சா முனை மூடறதுக்குள்ள அடுத்த புயல் வந்துடும். ஒரு குப்பத்துக்காக ஒரு பட்டணமா? அந்த ஆளைக் கொல்லச் சொல்லலியே நான். அவர் பேச்சை ஒரு வாரம் யாரும் கேக்காம இருந்தாப் போதும்."

ஆவுடைக்குத் தன் உள்ளேயே ஒரு முள் ஏறுவது தெரிந்தது. இந்த ஆள் சொல்வதிலும் என்னவோ இருக்கிறதே! ஜன்னல் கம்பியைப் பிடித்த அந்தக் கை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தொழில் பழக்கம், அவள் மனம் உடனே பரணிதரன் மேல் வைக்க ஒரு கறையைத் தேடியது. குடிப்பாரா? இல்லை. பெண்களிடம் வழிவாரா? ஒரு நாளும் இல்லை. செக்யூரிட்டிக்காரர் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டுகிறவர். எதிரில் பாதிச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சே, வெறுக்கக்கூட வழியில்லாமல் ஒரு மனிதன் இப்படி இருப்பானா என்று எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில்தான் அவளுக்கு உறைத்தது. இவரைத் தவறு என்று சொல்ல இவர் கெட்டவராக இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? இவ்வளவு காலம் தான் ஊருக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தக் கெட்ட பழக்கத்தைத்தானே?

"இப்ப என்கிட்டச் சொன்னீங்களே, நேரமில்ல, அம்மா, புயல், இதை அப்படியே ஜனங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே சார்," என்றாள். "ரெண்டு பக்கமும் கேட்டுட்டு அவங்க முடிவு பண்ணியிருப்பாங்க. எதுக்கு ஒரு தாய் மேல கஞ்சியக் கொட்டினீங்க?"

"சொன்னா யோசிப்பாங்கன்னு நினைக்கறீங்க?" பரணிதரன் உண்மையான வருத்தத்தோடு சிரித்தார். "இத்தனை வருஷம் அந்த முள்ளைப் பாத்ததுக்கு அப்புறமுமா?"

---

மறுநாள் காலையில் அவள் பனங்குப்பம் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். அலை ஏற்கெனவே முதல் வரிசை வீடுகளின் பின்சுவரைத் தின்றிருந்தது. தேசப்பன் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் வரை அவனைச் சுற்றி நின்ற கேமராக்களில் ஒன்றுகூட இல்லை.

"அந்தக் குரல் சொல்றது பொய்யின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள் ஆவுடை.

"எப்படி மேடம் சொல்றது? எட்டு வயசுல ஒரு தபா எத்திக்கீறேன். மீன் இல்லாத வெறும் கஞ்சின்னு கோவம். சட்டி ஒடைஞ்சிச்சு. அம்மா மேல படல. ஆனா எத்துனேன். மைக்க நீட்டி, கஞ்சிச் சட்டிய எத்துனியான்னு கேட்டா, இல்லன்னு வாய் வரல."

"இந்த வாய வெச்சிக்கினு பேசாம இருந்தானா?" என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வந்தாள் அவன் தாய் கன்னியம்மா. கழுத்துக்குக் கீழே புடவையை விலக்கிக் காட்டினாள். "பாரும்மா, எங்கனா சுட்டுக்கீதா? எட்டு வயசுப் பையன் எத்துனதுக்கு எங்க குப்பமே முழுவணுமா? இன்னா நாயம் இது? ஆமா, நீ யாரு?"

"டிவில... கதை எழுதறவம்மா."

"அந்த மாசிலன் கதையா?" கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. "தெனம் பாப்பேன். எம் புள்ள மாதிரியே பேசுவான் கேட்டியா? ஆனா பெத்தவள எத்துனான் பாரு, அன்னியிலேர்ந்து அவன் மூஞ்சியே எனக்கு ஆவல. படுபாவி."

ஆவுடைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் வைத்த கறையால் குப்பத்தை இழக்கப்போகிற கிழவியே அந்தக் கறையை நம்பிக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் ஒரு எழுத்தாளருக்கு என்ன விருது வேண்டும்?

---

அன்று மாலை அவள் வழக்கம் போல வேலைக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பரணிதரனுக்கு சந்தோஷம், மேடம் யோசித்துச் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தார். மாசிலன் பேசினான், முள் ஏறியது. "ஒண்ணு வெச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு, கீழே காத்திருந்த வாரியத்து அம்மாளைப் பார்க்கப் போனார். தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஆவுடை வேகமாக எழுதினாள். படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள்.

விளம்பரம் முடிந்ததும் அதே மீன்காரம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். இந்த முறை நேராக வீட்டுக்குள் இருக்கிறவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. மாசிலன் எந்தச் சட்டியயும் எத்தல. எழுதிக் குடுத்தாங்க, சொன்னேன். பனங்குப்பத்து தேசப்பனப் பத்தி ஒரு கொரல் சுத்துதே, அதுவும் அதே கை எழுதுனதுதான். நம்ப முடிலியா? மறுபடி போட்டுக் கேளு. சாரம்னு வரும். நம்ப பக்கம் எவ சாரம்னு சொல்லுவா? நம்பளுக்கு அது கைலி. எழுதுனவ ஊர்லதான் அது சாரம். மாசிலன் நல்லவனா கெட்டவனா, எனக்குத் தெரியாது. அலை எங்க போவும்னு அவன் கேட்டானே, அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. அறையில் மணிகள் அலறின. பரணிதரன் படியேறி ஓடி வந்து, திரையைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தார். கோபமே இல்லை. "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க," என்று மட்டும் சொன்னார். சொந்த வீட்டில் திருட்டுக் கொடுத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

சனிக்கிழமை முழுக்க ஊரே அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது. சாரம், சாரம் என்று பிள்ளைகள் பஸ்ஸில் பாடினார்கள். லைசன்ஸ் பற்றி நோட்டீஸ் வந்திருந்தும், ஞாயிறு விடிந்ததும் ஸ்டுடியோ பதிலடி கொடுத்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லை, பரணிதரன் அவ்வளவு கெட்டிக்காரர். ஆவுடையின் படம், பெயர், ஊர். 'அந்தக் கஞ்சிச் சட்டியை எழுதியவர் இவர்தான். ஆறு வருஷமாக இவர் தொழிலே இதுதான். இன்றைக்கு உங்களுக்கு நியாயம் சொல்ல வந்திருக்கிறார்.' அவ்வளவுதான். அதில் ஒரு எழுத்துக்கூட அவளால் மறுக்க முடியாது.

கறை என்றால் இதுவல்லவா கறை என்று ஆவுடைக்கே தோன்றியது. அவள் எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

---

சுடலை பம்பு ஹவுஸிலிருந்து பாதி வேலையில் வந்துவிட்டான். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றான்.

"நீயாக்கா?"

"ஆமாலே."

"அன்னைக்கு ஒனக்கு முன்னால ஒக்காந்துதான திட்டுனேன்? எந்தக் களவாணிப் பயலோன்னு. நீ ஒண்ணுஞ் சொல்லாம இன்னொரு தோசைய வச்ச."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தண்ணி வடக்க போறத தெனம் பாக்கவன் நான். இந்தக் கண்ணால பாக்கேன். என் கண்ண நான் நம்பலக்கா, ஒன் எழுத்த நம்புனேன். நம்புனதோட போச்சா? அம்புட்டு பேருக்கும் அனுப்புனேன். அந்தாளு படத்த நான்தான் கிழிச்சுப் போட்டேன்." அவன் குரல் உடைந்தது. "ஒரு குப்பத்தையே முழுவடிக்க பாவத்துல என்னையும்லா சேத்துவிட்டுட்ட."

"அதான் கடைசில உண்மையச் சொல்லிட்டேன்லா, ராசா..."

"சொன்ன." அவன் கைபேசியை எடுத்தான். ஓட்டுப் போடும் நேரம் இன்னும் முடியவில்லை. ஆவுடை அவன் விரலையே பார்த்தாள். இத்தனை வருஷம் ஊருக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைத் தம்பி இப்போது தனக்கே ஒப்பிக்கப் போகிறான். சொன்னது சரிதாம்க்கா, ஆனா நீ சொன்னா எப்படிச் சரியாவும் என்று கேட்கப் போகிறான். இவன் கேட்டால் ஊரும் அதையேதான் கேட்கும்.

சுடலை திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். 'வளைத்துக் கட்டுக' என்பதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

"நீ சொன்னது சரிதாம்க்கா," என்றான். "ஆனா இனிமே ஒங்கூட எனக்குப் பேச்சில்ல."

சொன்னபடியே அதற்குப் பிறகு பேசவில்லை. இரண்டு பேரும் கூடத்தின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து செய்தி பார்த்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. மயிரிழை வித்தியாசம்தான், ஆனாலும் பனங்குப்பம் சுவருக்குள்ளே வந்துவிட்டது. தெருவில் பேட்டி எடுத்தவர்களில் பாதிப் பேர், 'அந்தப் பொம்பளை மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது, ஆனா அலை வடக்கதானே போகும்?' என்கிற மாதிரிதான் பேசினார்கள். பரணிதரன் நம்பாததை ஊர் செய்துகாட்டிவிட்டது. புயல் முந்துமா சுவர் முந்துமா என்று இனிமேல் பார்க்க வேண்டும். பரணிதரனின் அம்மாவை நினைத்தால் அந்தக் கவலையும் நியாயமாகத்தான் இருந்தது. ஆவுடை எழுந்து போய்த் தம்பி தோளைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று நினைத்தாள். கால் வரவில்லை.

முடிவைக் கேட்டதும் சுடலை எழுந்தான். கொடியில் காய்ந்த இரண்டு சாரங்களையும் மடித்துப் பையில் வைத்தான். பம்பு ஹவுஸில் தங்குகிறவர்களுக்கு ஒரு அறை உண்டு, அது அவளுக்குத் தெரியும். போகிற வழியில், சமையலறையில் அவள் மறந்து எரியவிட்டிருந்த அடுப்பை அணைத்தான். அவள் மாத்திரை டப்பாவை எட்டாத மேல் தட்டிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தான்.

தாங்க முடியவில்லை அவளுக்கு. அவன் மேல் கோபம் வந்தாலாவது இந்த வலி கொஞ்சம் குறையும். பழகிய மனம் தம்பி மேல் வைக்க ஒரு கறையைத் தேடியது. சின்ன வயதிலிருந்து தேடியது. ஒரு பொய், ஒரு திருட்டு, கோபத்தில் எத்திய ஒரு சட்டி, எதுவானாலும் போதும். ஒன்றும் கிடைக்கவில்லை. அறைந்து சாத்திவிட்டுப் போவான் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மெதுவாக அழுத்தி, சரியாகச் சாத்திவிட்டுப் போனான்.